செங்குத்தான லூப்பில் மலை உச்சிக்கு ஓடி இறங்குவது எப்படி: இறக்கத்திலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

மலை உச்சிக்கு ஓடிப்போய்த் திரும்புவதில் இரண்டு வகை உண்டு. போன வழியே திரும்புவது ஒன்று. ஒரு பக்கமாக ஏறி, உச்சியைத் தொட்டு, வேறு பக்கமாக இறங்கி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்வது இன்னொன்று. இரண்டாவதைத்தான் லூப் என்கிறோம். தூரமும் ஏற்றமும் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டும் வேறு வேறு ஆட்டம். போன வழியே திரும்பும்போது எந்தப் பாறை வழுக்கும், பாதை எங்கே பிரிகிறது, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதையெல்லாம் ஏறும்போதே பார்த்து வைத்திருப்பீர்கள். லூப்பில் அந்த வசதி கிடையாது. கால் ஓய்ந்து, பாட்டிலில் தண்ணீர் குறைந்து, வெயிலும் ஏறிய நேரத்தில், இதுவரை கண்ணால் பார்த்திராத ஒரு சரிவில் இறங்கியாக வேண்டும்.

அதனால் செங்குத்தான லூப் எதையும் நான் பின்பக்கத்திலிருந்துதான் திட்டமிடுவேன். முதலில் இறக்கம், பிறகு உச்சி, கடைசியாக ஏற்றம். சமதளத்தில் 10 கி.மீ. நிற்காமல் ஓட முடிகிறவர், மலையில் கொஞ்சம் நடந்து பழகியவர், இப்போது ஓடிப் பார்க்க நினைப்பவர் என்று ஒருவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

வரைபடத்தில் விரலை ஓட்டுங்கள்

போனில் ஒரு கோடு தெரிகிறதே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. அந்தக் கோடு எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் சொல்லும். கால் என்ன பாடுபடும் என்பதைச் சொல்வது சமவுயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள். 1:25,000 அளவு வரைபடத்தில் 1 செ.மீ. என்பது தரையில் 250 மீட்டர். கோடுகளுக்கு இடையே உயர வித்தியாசம் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த 1 செ.மீ.க்குள் பாதை ஐந்து கோடுகள் ஏறினால், 250 மீட்டரில் 100 மீட்டர் ஏறுகிறீர்கள். 40 சதவீதச் சரிவு. சதவீதத்தையும் பாகையையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 100 சதவீதம் என்பது 45 பாகைதான்; 40 சதவீதம் என்பது ஏறக்குறைய 22 பாகை. கேட்க லேசாகத் தெரியும். காலை வைத்துப் பார்த்தால் தெரியும் சேதி.

இனி ஒரு மாதிரி லூப்பையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 12 கி.மீ., ஏற்றம் 900 மீட்டர். ஒரு பக்கம் 4 கி.மீ.யில் அந்த 900 மீட்டரும் வந்துவிடுகிறது. மறுபக்கம் அதே உயரத்தை 8 கி.மீ.யில் ஆற அமர இறங்குகிறது. எந்தத் திசையில் ஓடுவது?

என் பதில்: செங்குத்துப் பக்கம் ஏறுங்கள், சாய்வான பக்கம் இறங்குங்கள். செங்குத்தில் எப்படியும் நடைதான், அதனால் அங்கே ஓட்டம் எதுவும் வீணாவதில்லை. மறுபக்கத்தின் 8 கி.மீ.யில்தான் உண்மையாகவே ஓட முடியும். கையை ஊன்றி ஏற வேண்டிய பாறைகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அப்படிப்பட்ட இடத்தில் ஏறுவது எளிது, இறங்குவது கடினம். ஏறும்போது பிடிமானம் கண்ணுக்கு நேராக இருக்கும். இறங்கும்போது அது காலுக்கடியில் மறைந்துவிடும். இதற்கு விதிவிலக்கும் உண்டு. சாய்வான பக்கத்தில் ஓடைகளைக் கடக்க வேண்டியிருந்து மாலையில் தண்ணீர் ஏறும் என்றாலோ, அந்தப் பக்கம் முழுக்கப் புல்வெளியாகிப் பாதையே தெரியாது என்றாலோ, திசையை மாற்றிப் போடுவதில் அர்த்தம் இருக்கிறது.

இன்னொன்றைக் கவனியுங்கள். ஏறும்போது முகடுகளெல்லாம் உச்சியை நோக்கி ஒன்று சேரும். தவறான கிளையில் போனாலும் பெரும்பாலும் மேலேதான் போய்ச் சேர்வீர்கள். இறங்கும்போது இது தலைகீழ்: ஒவ்வொரு முகடும் இரண்டாகப் பிரியும். உச்சிக்குக் கீழே முதல் 200 மீட்டரில் எடுத்த தப்பான திருப்பம், கீழே வரும்போது வேறொரு பள்ளத்தாக்கில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆகவே இறங்கும் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பிரிவையும் வரைபடத்தில் வட்டமிட்டு, பக்கத்தில் உயரத்தையும் எழுதுங்கள். ஜிபிஎஸ் கைக்கடிகாரம் உயரம் காட்டும். 1,140 மீட்டரில் இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரிந்திருந்தால் 1,160-லேயே வேகத்தைக் குறைத்துக் கண்ணை விழித்துக்கொள்ளலாம்.

முடிந்தால் வேறொரு நாள் இறங்கும் பக்கத்தின் கீழ்ப்பாதியை மட்டும் கீழிருந்து மேலே நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். பந்தயத்துக்குப் போகிறவர்கள் இதைத் தவறாமல் செய்வார்கள். கூடவே பாதை திறந்திருக்கிறதா, அனுமதி வேண்டுமா என்பதையும் அந்த இடத்தைப் பராமரிக்கிறவர்களிடம் கேட்டுவிடுங்கள். உச்சியிலிருந்து இறங்கி வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்பது போன்ற அவஸ்தை வேறு இல்லை.

நேரக் கணக்கு

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நேஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றைக்கும் உதவுகிறது. மெட்ரிக் அளவில் சுமாராகச் சொன்னால் 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம். நம் லூப்புக்கு 12 கி.மீ.க்கு 2 மணி 24 நிமிடம், 900 மீட்டருக்கு 90 நிமிடம். மொத்தம் 3 மணி 54 நிமிடம். இது நடப்பவரின் நேரம். எல்லாம் கெட்டு, ஓடவே முடியாமல் போனால் ஆகும் நேரமும் இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், வெளிச்சம், வீட்டில் சொல்லிவிட்டுப் போகும் நேரம் எல்லாவற்றையும் இந்த எண்ணை வைத்தே முடிவு செய்யுங்கள்.

ஓடுகிறவர்களுக்கு வேறொரு சுருக்குக் கணக்கு இருக்கிறது. 100 மீட்டர் ஏற்றத்தை 1 கி.மீ. தூரமாகக் கூட்டிக்கொள்வது. 12 + 9 = 21. உழைப்பில் இது சமதள அரை மாரத்தானுக்குச் சமம். அரை மாரத்தான் ஓடிப் பழகாதவருக்கு இந்த லூப் இப்போதைக்கு வேண்டாம் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது; 10 கி.மீ. மட்டுமே ஓடுகிறவர் இதே கணக்குகளைச் சிறிய லூப் ஒன்றுக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது எண், ஒரு மணி நேரத்தில் எத்தனை மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள் என்பது. மலையில் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்குக்குப் பொருளே இல்லை, இதுதான் பேசும். பழகிய சாதாரண ஓட்டக்காரர் மணிக்கு 600 மீட்டர் ஏறினால் நன்று. உலகின் உச்சத்தில் இருப்பவர்கள் எப்படி என்று பார்க்க ஆசை இருந்தால்: சுவிட்சர்லாந்தின் ஃபுய்யியில் 1,000 மீட்டர் ஏற்றத்தை 1.92 கி.மீ.யில் அடைத்த ஒரு பாதை இருக்கிறது. அதை 2017-இல் பிலிப் கோட்ஷ் 28 நிமிடம் 53 நொடியில் ஏறினார். நாம் அதை நினைத்துப் பெருமூச்சு விட்டுவிட்டு 600-க்கே வருவோம். 900 மீட்டருக்கு ஒன்றரை மணி நேரம், 8 கி.மீ. இறக்கத்துக்கு கிலோமீட்டருக்கு 7 நிமிடம் வீதம் 56 நிமிடம், உச்சியில் பத்து நிமிடம். ஆக, சுமார் 2 மணி 40 நிமிடம்.

இப்போது திரும்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். லூப்பில் பலர் தவறுவது இங்கேதான். உச்சியைத் தொட்டபின் யோசிக்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் உச்சிக்குப் போய்விட்டால் இரண்டு பக்கமும் தொலைவு. செங்குத்துப் பக்கம் திரும்பி இறங்கவும் கால் கூசும். அதனால் ஏற்றத்தின் மூன்றில் இரண்டு பங்கில், நம் லூப்பில் 600 மீட்டர் ஏறிய இடத்தில், ஒரு அடையாளத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அங்கே வர 1 மணி நேரம் ஆக வேண்டும். 1 மணி 20 நிமிடம் தாண்டியும் வரவில்லை என்றால், அல்லது மேலே மேகம் கட்டுகிறது என்றால், அங்கேயே திரும்பிவிட வேண்டும். முந்தைய நாள் இரவு வீட்டில் எடுத்த முடிவை மூச்சிரைக்கும்போது மாற்றக் கூடாது.

காலைத் தயார் செய்தல்

ஏற்றத்துக்கான பயிற்சி எல்லோருக்கும் தெரியும்: மேடு ஏறி ஏறி இறங்குவது. மேடு இல்லாத இடத்தில் இருப்பவர்களுக்கு மாடிப்படி போதும். வாரத்தில் ஒரு நாள் 30, 40 நிமிடம், பேச முடிகிற வேகத்தில் ஏற்றம். இன்னொரு நாள் 3 நிமிட வேக ஏற்றம் ஐந்து முறை. வாரக் கடைசியில் ஒரு நீண்ட ஓட்டம். எட்டு வாரம் இப்படிப் போனால் நுரையீரல் தயாராகிவிடும்.

தொடை தயாராகாது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், காரணத்தையும் சொல்கிறேன். ஆல்பெர்ட்டோ மினெட்டியும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, 20 சதவீத இறக்கத்தில் ஓட ஆகும் சக்தி சமதளத்தில் ஆவதில் ஏறத்தாழ பாதிதான். 45 சதவீத ஏற்றத்திலோ அது சமதளத்தைப் போல் ஐந்தரை மடங்கு. மூச்சுக்கு இறக்கம் மலிவு. ஆனால் இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் முன்தொடைத் தசை உடல் எடையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. அப்படி நீண்டபடி உழைக்கும் தசையில்தான் நுண்ணிய கிழிசல்கள் அதிகம் விழும். ஒன்று முதல் மூன்று நாள் வரை வலி உச்சத்தில் இருக்கும். மூச்சு தாராளமாக இருப்பதால் வேகமாக இறங்கிக்கொண்டே இருப்போம். கடைசி 2 கி.மீ.யில் தொடை நடுங்க ஆரம்பிக்கும்போதுதான் கணக்கு புரியும்.

நல்ல சேதி என்னவென்றால், இந்தத் தசை சீக்கிரம் பாடம் கற்றுக்கொள்ளும். ஒரே ஒரு கடுமையான இறக்கப் பயிற்சி செய்தாலே, அடுத்த சில வாரங்களுக்கு அதே உழைப்பில் வலியும் சேதமும் வெகுவாகக் குறையும். ஆகவே லூப் ஓடும் நாளுக்கு 10 முதல் 14 நாள் முன்பு ஒரு இறக்கப் பயிற்சி கட்டாயம் வையுங்கள். மிதமான சரிவில் 3 நிமிடம் விடாமல் இறங்கி, நடந்து மேலே வந்து, மறுபடி இறங்குவது. ஐந்து அல்லது ஆறு முறை. வீட்டில் ஒரு படியின் மேல் நின்று, ஒரு காலை முன்னால் நீட்டி, மற்றக் காலின் முழங்காலை மெதுவாக மடக்கி, நான்கு எண்ணும் நேரத்தில் குதிகால் தரையைத் தொடும்வரை இறங்குங்கள். பார்க்கச் சாதாரணமாக இருக்கும். பன்னிரண்டாவது தடவை தெரியும்.

ஷூவும் பையும்

மண், சரளை, பாறை கலந்த பாதைக்கு அடியில் 4 முதல் 6 மி.மீ. பற்கள் உள்ள டிரெயில் ஷூ வேண்டும். முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். இறங்கும்போது பாதம் முன்னால் சறுக்கி நகம் ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே இருந்தால், இரண்டு நாளில் நகம் கறுத்துவிடும்.

இதற்கு ஒரு எளிய வைத்தியம் இருக்கிறது. லேஸ் போடும் இடத்தில் கணுக்காலுக்கு மிக அருகே ஒரு துளை சும்மாவே இருக்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை. லேஸை அதே பக்கத்துக் கடைசித் துளையில் நேராக விட்டு, வெளிப்பக்கம் ஒரு சிறு கண்ணி நிற்கும்படி விடுங்கள். மறுபக்கமும் அப்படியே. இப்போது வலது லேஸின் நுனியை இடது கண்ணிக்குள்ளும் இடதை வலது கண்ணிக்குள்ளும் நுழைத்து, குதிகாலைத் தரையில் அழுத்தியபடி கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் பூட்டிக்கொள்ளும். ஏறும்போது கொஞ்சம் தளர்வாக விட்டு, உச்சியில் உட்கார்ந்து இறுக்குவது என் வழக்கம்.

பையில்: காற்றும் மழையும் தடுக்கும் லேசான ஜாக்கெட், உடல் சூட்டைக் காக்கும் மெல்லிய அவசரப் போர்வை, விசில், பகலில் போனாலும் ஒரு ஹெட்லாம்ப், சுளுக்குக்குக் கட்டும் இழுபட்டி, வரைபடத்தின் காகிதப் பிரதி, முழுச் சார்ஜுடன் போன். பாதையின் ஜிபிஎஸ் ஃபைலை போனிலும் கடிகாரத்திலும் முன்பே இறக்கி வையுங்கள். மேலே சிக்னல் இருக்கும் என்று நம்ப வேண்டாம். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், வெயிலில் இன்னும் கூட. அதற்காகத் தாகமே இல்லாமல் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்துவிடும். சாப்பாடு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. எனர்ஜி ஜெல்லோ வாழைப்பழமோ பேரீச்சையோ, ஏற்கெனவே ஓடும்போது தின்று பழகியதாக இருக்கட்டும்.

ஊன்றுகோல் வேண்டுமா? இத்தனை செங்குத்துக்கு உதவும், மடக்கக்கூடியதாக இருந்தால். நிமிர்ந்து நிற்கும்போது முழங்கை செங்கோணமாக மடியும் நீளம் சரி. ஆனால் பழக்கமில்லாமல் அன்றைக்கு முதல் முறையாக எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஏற்றம்

முதல் 15 நிமிடம் வெட்கப்படும் அளவுக்கு மெதுவாகப் போங்கள். இதயமும் மூச்சும் உழைப்பின் வேகத்துக்கு வந்து சேர நேரம் எடுக்கும். ஆரம்பத்தில் லேசாகத் தெரிவதெல்லாம் கடன்தான்.

எப்போது ஓட்டத்தை விட்டு நடைக்கு மாறுவது? டிரெட்மில்லில் அளந்து பார்த்ததில், சரிவு ஏறக்குறைய 16 பாகையை, அதாவது 28 சதவீதத்தை எட்டினால், அதே வேகத்தில் ஓடுவதைவிட நடப்பதே சிக்கனம் என்று தெரிந்தது. அதுவும் நல்ல பயிற்சி உள்ளவர்களிடம். நமக்கு அதைவிடக் குறைந்த சரிவிலேயே மாறிவிடலாம். நான் பார்க்கும் அடையாளம் இது: முழு வாக்கியம் பேச முடியவில்லை, பக்கத்தில் நடக்கிறவர் என்னோடு சேர்ந்தே வருகிறார் என்றால் ஓடுவதில் லாபமில்லை.

நடக்கும்போது அடி சின்னதாக இருக்கட்டும். பாறை இடம் கொடுத்தால் முழுப் பாதத்தையும் வையுங்கள். முன்பாதத்தில் மட்டுமே ஏறினால் கெண்டைக்கால் பாதி வழியில் பிடித்துக்கொள்ளும். மிகச் செங்குத்தான இடங்களில் உள்ளங்கையை முழங்காலுக்கு மேலே தொடையில் வைத்து, ஒவ்வொரு அடிக்கும் அழுத்தித் தள்ளுங்கள். இடுப்பை மடக்கிக் குனியாமல், கணுக்காலிலிருந்து உடல் முழுதும் முன் சாயட்டும். சரிவு குறையும் இருபது முப்பது மீட்டரில் கூட உடனே ஓட ஆரம்பியுங்கள். நடையிலிருந்து ஓட்டத்துக்குத் திரும்ப மறந்துபோவதில்தான் அதிக நேரம் போகிறது.

அரை மணியில் முதல் கவளம். பசித்தபின் தின்பது தாமதம்.

உச்சி

உயரே போகப் போக 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 பாகை செல்சியஸ் குளிர் கூடும். நம் 900 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 6 பாகை. இதோடு வியர்வையில் நனைந்த சட்டையும் முகட்டுக் காற்றும் சேரும். ஒருமுறை உச்சியில் போட்டோ எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் சட்டையோடு உட்கார்ந்துவிட்டேன். ஜாக்கெட் பையில்தான் இருந்தது. எடுக்கப் போனபோது விரல்கள் ஜிப்பைப் பிடிக்க மறுத்தன. பல்லால் கடித்து இழுத்துத் திறந்தேன். அன்றிலிருந்து உச்சிக்கு ஐந்து நிமிடம் முன்பே, காற்று படாத பக்கத்தில் நின்று ஜாக்கெட்டை மாட்டிவிடுகிறேன்.

மேலே செய்ய வேண்டியவை: இன்னொரு கவளம் சாப்பிடுவது, லேஸ் இறுக்குவது, ஊன்றுகோலை மடக்குவது, இறங்கும் பாதையின் முதல் திருப்பத்தைத் திசைகாட்டியோடு ஒத்துப் பார்ப்பது. மூடுபனி இருந்தால் கடைசி வேலையை இரண்டு முறை செய்யுங்கள். உச்சியில் ஒரு சுற்றுச் சுற்றினாலே திசை மறந்துபோகும்.

இடி சத்தம் காதில் விழுந்தால் இவை எதுவும் வேண்டாம், உடனே இறங்குங்கள். கேட்கும் தூரத்தில் இடி இருந்தால் மின்னல் விழும் தூரத்திலும் நீங்கள் இருக்கிறீர்கள். முகடு, தனி மரம் இரண்டையும் விட்டு விலகி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வரை காத்திருக்க வேண்டும். பல மலைகளில் இடிமழை பிற்பகலில்தான் திரளும். காலையில் சீக்கிரம் கிளம்பச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இறக்கம்

முதல் ஐந்து நிமிடம் மெதுவாக. ஒன்றரை மணி நேரம் ஏறிப் பழகிய கால் இறக்கத்துக்கு மாற அவ்வளவு நேரம் கேட்கும்.

பயத்தில் எல்லோரும் செய்யும் தவறு, உடலைப் பின்னால் சாய்த்துக் குதிகாலில் பிரேக் போடுவது. அப்போது எடை பாதத்துக்குப் பின்னால் போய்விடும். கீழே சரளை உருண்டால் நேராக உட்கார்ந்துவிடுவீர்கள். முழங்காலை லேசாக மடக்கி, எடையைப் பாதத்துக்கு மேலேயே வைத்து, சின்னச் சின்ன அடியாக, வேகமாக எடுத்து வையுங்கள். கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து சமநிலை பார்த்துக்கொள்ளட்டும், அழகைப் பற்றிக் கவலை வேண்டாம். கண் காலடியில் இருக்கக் கூடாது. மூன்று நான்கு அடிகளுக்கு அப்பால் இருக்க வேண்டும். இப்போது வைக்கிற காலை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது.

ஈர வேர், பாசி படிந்த பாறை, காய்ந்த இலைக்குவியல் இந்த மூன்றிலும் திருப்பமோ பிரேக்கோ போடாதீர்கள். வேரை மிதிக்காமல் தாண்டுங்கள். இலைக்கடியில் கல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எதிரே ஏறி வருகிறவர்களைப் பார்த்தால் நடைக்கு மாறி வழிவிடுங்கள். கீழே ஆள் இருக்கும்போது உங்கள் காலில் கல் உருண்டால் சத்தம் போட்டு எச்சரியுங்கள்.

வட்டமிட்டு வைத்த பிரிவுகள் ஒவ்வொன்றிலும் நின்று பாருங்கள். மூன்று நொடி போதும். சந்தேகம் வந்தால், கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்கு மேலேறித் திரும்புங்கள். கீழே எப்படியும் ரோடு வந்துவிடும் என்று ஓடைவழியே இறங்கியவர்கள் பலர் செங்குத்துப் பாறை விளிம்பில் போய் நின்றிருக்கிறார்கள்.

கடைசி 2 கி.மீ. தனிக்கதை. சரிவு குறைந்து, பாதை அகலமாகி, வாகனச் சத்தம் கூடக் கேட்கும். மனம் வீட்டுக்குப் போய்விடும். கால் போதிய உயரம் தூக்காது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகக் கணுக்கால் மடங்குவது இங்கேதான். தொடை நடுங்குகிறது என்றால் இந்த இடத்தில் நடங்கள்.

ஏதாவது ஆகிவிட்டால்

முதலில் ஜாக்கெட், பிறகு அவசரப் போர்வை, அப்புறம்தான் போன். ஓட்டம் நின்ற உடனே உடல் குளிர்ந்துவிடும். அழைப்பு போகவில்லை என்றால் மலைகளில் உலகெங்கும் புரியும் சைகை இருக்கிறது: ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் அல்லது வெளிச்சம், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. யாராவது கேட்டிருந்தால் நிமிடத்துக்கு மூன்று என்று பதில் வரும். பதில் வந்த பிறகும் நிறுத்தாதீர்கள், அந்தச் சத்தத்தை வைத்துத்தான் உங்களைத் தேடி வருவார்கள்.

இறங்கிய பிறகு

எந்தப் பாதையில் போகிறேன், எத்தனை மணிக்குள் வருவேன் என்று யாரிடம் சொல்லிவிட்டுப் போனீர்களோ, அவர்களுக்கு முதல் செய்தி. உலர்ந்த சட்டை. ஒரு மணி நேரத்துக்குள் நல்ல சாப்பாடு.

மறுநாள் மாடிப்படி ஏறுவது சுலபமாகவும் இறங்குவது நரகமாகவும் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை, பக்கவாட்டாக இறங்குங்கள். இரண்டு மூன்று நாள் நடையும் சைக்கிளும் போதும். ஒரே இடத்தில் கூர்மையாகக் குத்தும் வலியோ வீக்கமோ இருந்தால் அது வேறு. மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் தசைச் சேதம் சிறுநீரகத்தைத் தொட்டிருக்கலாம், அன்றைக்கே போங்கள்.

வலி இருக்கும்போதே கடிகாரத்திலிருந்து மூன்று நேரங்களை எடுத்து வரைபடத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள்: 600 மீட்டர் அடையாளத்துக்கு வந்தது, உச்சியை விட்டது, கீழே வந்தது. கூடவே எந்தப் பிரிவில் தடுமாறினீர்கள் என்பதையும். அடுத்த முறை அதே லூப்பைத் திட்டமிடும்போது நேஸ்மித்தை எடுத்து வைத்துவிட்டு, உங்கள் எண்களிலிருந்தே தொடங்கலாம்.